தங்கி வரும் வெளிச்சம்

லெவல் எவ்வளவு என்று கேட்டிருக்கிறான். வேறு எதையாவது கேட்டிருக்கலாம். எதுவும் கேட்காமல் இருமியிருக்கலாம், கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டுக் குனிந்து தேடியிருக்கலாம், அப்படிப்பட்ட நேரத்தில் ஒரு மனிதன் செய்யக்கூடிய கௌரவமான காரியங்கள் எத்தனையோ இருக்க, ஐம்பத்து நான்கு வயதில், விளக்கு வெளிச்சத்தில் முழு விழிப்போடு நின்றுகொண்டு, லெவல் எவ்வளவு என்று கேட்டிருக்கிறான். இப்போது கதவடைத்த இருட்டறையில் முக்காலி மேல் உட்கார்ந்து அதை நினைத்ததும் தில்லைநாயகத்துக்குக் காது மடல் சுட்டது. சுட்ட காதைத் தடவிக்கொண்டே சிரிப்பும் வந்தது. காலையில் நடந்தது இவ்வளவுதான். பல்கலைக்கழகத்தின் ஹீலியம் நிலையத்தைப் பார்த்துக்கொள்ளும் இசக்கியம்மாள், இடுப்பளவு உயரமுள்ள எஃகுக் குடுவையைத் தள்ளிக்கொண்டு அவனுடைய ஆய்வறைக்கு வந்தாள். மாணிக்கக் கல் உட்கார்ந்திருக்கும் குளிர்கலத்துக்குள் நீளக் குழாயை இறக்கினாள். திரவ ஹீலியம் உள்ளே ஏறும்போது எழும் மெல்லிய சீறல் கேட்டது, குழாயின் மூட்டில் வெண்பனி பூத்தது. அதைத் தோல் கையுறையால் துடைத்தபடியே, ஓசூரில் இருக்கும் மகள் வேலையை விட்டுவிட்டு அங்கேயே வந்து இருக்கச் சொல்லி நச்சரிப்பதாகச் சொன்னாள். இன்று அங்கே பஸ் ஏறுவதாகவும், போனதும் ஒரு முடிவு சொல்லியாக வேண்டும் என்றும் சொன்னாள். அவன் உம் கொட்டினான். அவன் கண் மீட்டர் முள்ளில் இருந்தது. "அதுக்கு முன்ன உங்ககிட்ட ஒண்ணு கேட்டுரணும்னு இருந்தேன் சார். நாம ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கிட்டா என்ன?" குரலில் ஒரு மாற்றமும் இல்லை, வால்வைத் திறக்கட்டுமா என்று கேட்பது போலத்தான் கேட்டாள். அவன் காதில் விழுந்தது. தெளிவாகவே விழுந்தது. விழுந்தது உள்ளே எங்கேயோ ஆழத்துக்குப் போனது. போன இடத்திலிருந்து எதுவும் திரும்பி வருவதற்குள் வாய் தானாகத் திறந்து, லெவல் எவ்வளவு என்று கேட்டுவிட்டது. அவள் குனிந்து முள்ளைப் பார்த்து எழுபத்திரண்டு என்றாள். குழாயை உருவினாள், குளிர்கலத்தின் மூடியை இறுக்கினாள், "ஆட்டும் சார்" என்று சொல்லிவிட்டுக் குடுவையைத் தள்ளிக்கொண்டு போனாள். அதன் ஒரு சக்கரம் மட்டும் தாழ்வாரம் முழுக்கக் கிறீச்சிட்டுக்கொண்டே போனது.

அந்தச் சத்தம் அடங்குவதற்குள்ளாவது பின்னாலேயே ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. ஹீலியம் நிரம்பிவிட்டால் அடுத்தது கதவைச் சாத்துவது, அதற்கடுத்தது விளக்கை அணைப்பது, அப்புறம் எண்ணும் குழலுக்கு மின்னழுத்தத்தை ஏற்றுவது என்று கைக்கு ஒரு வரிசை பழகியிருந்தது. மனசு மலைத்து நின்ற நேரத்தில் கை தன்பாட்டுக்கு எல்லாவற்றையும் செய்து முடித்திருந்தது. நினைவு வந்தபோது அவன் இருட்டுக்குள் இருந்தான், குழல் உயிரோடு இருந்தது. அது ஒளியைத் துளித்துளியாக எண்ணும் கண்ணாடிக் குழல், துறையில் இருப்பது அது ஒன்றுதான், ஆயிரத்துச் சொச்சம் வோல்ட்டில் நிற்கும்போது ஒரு தீக்குச்சி வெளிச்சம் பட்டால்கூடப் போய்விடும். ஆகவே நடக்கும் அளவீட்டை, ஆய்வறைப் பேச்சில் ரன்னை, நிறுத்தாமல் கதவைத் திறக்க முடியாது. போன் செய்யலாம் என்றால் போன் வெளியே தட்டில் கிடக்கிறது. கைபேசி, கைக்கடிகாரம், ஒளிரும் எதையும் உள்ளே கொண்டுவரக் கூடாது என்று கதவில் அட்டை எழுதி ஒட்டியவன் அவன்தான், அதைச் சிவப்பு மையில் இரண்டு முறை அடிக்கோடிட்டவனும் அவன்தான். மணி என்னவென்று தெரியவில்லை. எண்ணிக்கையை வரையும் கோட்டைத் தவிர வேறெதையும் காட்டாத கணினித் திரையைக் கறுப்புத் துணியால் மூடி வைத்திருந்தான். துணிக்குள் தலையை விட்டுப் பார்த்தால் கோடு எவ்வளவு தூரம் வளர்ந்திருக்கிறது என்று தெரியும், அதை வைத்துக் குத்துமதிப்பாக மத்தியானம் தாண்டியிருக்கும் என்று சொல்லலாம். இன்னும் பாதிக்கு மேல் பாக்கி. கல்லின்மேல் பாயும் லேசரின் நிறம் நழுவிவிடாமல் அவ்வப்போது ஒரு குமிழைத் திருகித் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும், அதற்குத்தான் ஆள் உள்ளே உட்கார்வது. வெற்றிடப் பம்பு ஒரே தாளத்தில் தட்டிக்கொண்டிருந்தது. எண்ணெய் வாசம். பாதம் சில்லிட்டது. அவள் எந்த பஸ்ஸில் போகிறாள் என்று கேட்டுக்கொள்ளவில்லை. ஓசூருக்கு மத்தியானமும் பஸ் உண்டு, சாயங்காலமும் உண்டு. லெவலைக் கேட்டவன் பஸ்ஸைக் கேட்டிருக்கலாம். பஸ்ஸைக் கேட்டிருந்தால் அதுவும் இதே மாதிரிதான் இருந்திருக்கும், எப்போது கிளம்பித் தொலைவாய் என்று விசாரித்த மாதிரி. அதற்கு லெவலே தேவலை. லெவலில் ஒரு அக்கறையாவது தெரிகிறது. ஹீலியத்தின் மேல்.

குமிழை மயிரிழை திருகினான். கைக்கெட்டும் தூரத்தில், இருட்டுக்குள் எங்கேயோ, கல் ஒளிர்ந்துகொண்டிருக்கும். வெளியே ஒன்றும் தெரியாது, அத்தனை மூடிகள், அத்தனை சுவர்கள். ஆனால் அது அங்கே அந்தப் பயங்கரக் குளிரில், சுண்டுவிரல் நகமளவு இளஞ்சிவப்பாக, தன்மேல் விழும் சிவப்புக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது என்று தெரிந்திருப்பதில் எப்போதும் போல ஒரு சந்தோஷம் வந்தது. இந்தச் சந்தோஷம் மட்டும் அவனை ஏமாற்றியதில்லை. சுத்தமான கல்லாக இருந்தால் அதற்கு நிறமே கிடையாது, பளிங்கு மாதிரி வெளுத்துக் கிடக்கும். ஆயிரம் அலுமினிய அணுக்கள் உட்கார வேண்டிய இடத்தில் ஒன்றே ஒன்றை நகர்த்திவிட்டுக் குரோமியம் வந்து உட்கார்ந்தால்தான் மாணிக்கம். அதற்குப் புத்தகத்தில் மாசு என்று பெயர். வகுப்பில் ஒவ்வொரு வருடமும் அந்தச் சொல்லைச் சொல்லும்போது அவனுக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும், இவ்வளவு அழகை வைத்துக்கொண்டு நிற்கிற ஒன்றை அழுக்கு என்று கூப்பிடுகிறோமே என்று. அந்தக் குரோமியம் மேல் அதற்குப் பிடித்த சிவப்பு விழும்போது இரண்டு விதமாகப் பதில் வரும். ஒன்று சிதறல். வந்த வெளிச்சம் உள்ளே காலே வைக்காமல், வந்த தாளம் தப்பாமல், வந்த நிறத்திலேயே உடனே திரும்பிவிடும். மற்றது ஒளிர்தல். வெளிச்சம் உள்ளே போய்த் தங்கும். தங்குகிற நேரம் நாலு மில்லி நொடிதான், ஆனால் அணுவுக்கு அது ஒரு யுகம். தங்கும்போது தான் எங்கிருந்து வந்தோம், எந்தத் தாளத்தில் வந்தோம் என்பதெல்லாம் மறந்துபோகும், சில சமயம் சூட்டில் கொஞ்சம் தொலைத்து நிறம்கூட மாறும். பிறகு கல்லின் சொந்த வெளிச்சமாக வெளியே வரும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் சிவப்புதான். எதில் எவ்வளவு என்று பிரித்துச் சொல்வதுதான் இன்றைய வேலை. முப்பது வருடமாக ஏறக்குறைய இதே வேலைதான். இதைச் செய்யத் தெரிந்தவனுக்குத் தன் விஷயத்தில் செய்யத் தெரியவில்லை என்பதுதான் வேடிக்கை. ஏனென்றால் இப்போது அவனுக்கு வந்திருக்கும் பயம் அதுதான். அவள் போய்விடுவாளே என்பது ஒரு பயம், அது நெஞ்சுக்குள் ஈரத்துணி மாதிரி கிடக்கிறது, அதை ஒத்துக்கொள்ளலாம். அதற்குக் கீழே இன்னொன்று இருக்கிறது. ஓடிப்போய் ஆமாம் என்று சொல்லிவிடலாம், ஆனால் அந்த ஆமாம் யாருடையது. அவள் பிரியமாக இருக்கிறாள், அதனால் இவனும் பிரியமாக இருக்கிறான். அவள் சிரிக்கிறாள், இவன் முகத்திலும் சிரிப்பு வருகிறது. இது எதிரொலியா. அவள் நெல்லைக்காரி, எதற்கும் ஆட்டும் என்பாள், அது சரி என்பதற்கும் போகட்டும் என்பதற்கும் நடுவில் எங்கேயோ நிற்கிற சொல். போன மாதம் மாநகர பஸ்ஸில் சில்லறை இல்லை என்று கண்டக்டர் சலித்துக்கொண்டபோது இவன் வாயிலிருந்து ஆட்டும் என்று வந்தது. கண்டக்டர் ஏற இறங்கப் பார்த்தான். சிதம்பரத்துக்காரன் வாயில் அம்பாசமுத்திரம். சுத்தமான சிதறல், விழுந்த நிறமே திரும்பி வந்திருக்கிறது, தங்கவே இல்லை. இப்படி ஒரு பளபளப்பை மட்டும் வைத்துக்கொண்டு, விளக்கைப் பிடிக்கிறவர்கள் முகத்திலேயே அவர்கள் வெளிச்சத்தை அடித்துக்கொண்டு, ஒரு பெண்ணை ஓசூருக்குப் போகாதே என்று தடுத்து நிறுத்துவது நியாயமா. அவளுக்கு அங்கே மகள் இருக்கிறாள். மகள் நிஜம்.

கல்லூரியில் அவனுக்கு டியூப்லைட் என்று பெயர். நகைச்சுவை ஒன்றைச் சொன்னால் எல்லோரும் சிரித்து ஓய்ந்து அடுத்த பேச்சுக்குப் போன பிறகு அவன் தனியாகச் சிரிப்பான், அதற்காக வைத்தது. அவன் கோபித்துக்கொள்ளவில்லை. டியூப்லைட்டின் உட்புறம் பூசியிருக்கும் வெள்ளைப் பொடியும் மாசு கலந்த படிகம்தான், கண்ணுக்குத் தெரியாத ஒளியை வாங்கி வைத்துக்கொண்டு கண்ணுக்குத் தெரிகிற ஒளியாகத் தருகிறது, கேலி செய்யும் நீங்கள் எல்லாம் அதன் அடியில் உட்கார்ந்துதான் பரீட்சைக்குப் படிக்கிறீர்கள் என்று ஒரு பதில் தோன்றியது. அது தோன்றியபோது எல்லோரும் பட்டம் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார்கள். இதை நினைத்து இருட்டில் தனியாகச் சிரித்தான், முக்காலி கிறீச்சென்றது, லேசர் மேஜை ஆடிவிடக் கூடாதே என்று சிரிப்பை அடக்கினான். சிரிப்பு அடங்கியதும் மாயவரம் வந்தது. எப்போதும் இந்த வரிசையில்தான் வரும். முப்பது வயதில் மாயவரத்தில் பெண் பார்க்கப் போனது, பெண் வீட்டுக்காரர் கேசரித் தட்டை நகர்த்திவிட்டு, பெண்ணைப் பிடித்திருக்கிறதா என்று நேராகக் கேட்டது. பிடித்திருந்தது. அந்தப் பெண் ஜன்னல் பக்கம் திரும்பி ஒரு காக்கையை விரட்டிய விதம் பிடித்திருந்தது. ஆனால் பிடித்திருக்கிறது என்பது உள்ளே போய் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்து, யோசித்துச் சொல்கிறேன் என்றான். யோசித்தான். ஊருக்கு வந்து யோசித்தான், ஆய்வறையில் யோசித்தான், ஒரு நாள் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது சந்தேகத்துக்கு இடமில்லாமல் பிடித்திருக்கிறது என்று தெரிந்தது. சொல்லப் போனபோது அவளுக்குத் தஞ்சாவூரில் முடிவாகியிருந்தது. அவர்கள் நல்ல மனிதர்கள், கல்யாணத்துக்கு அழைத்தார்கள். அவனும் போனான், பந்தியில் வெண்டைக்காய்ப் பச்சடி பிரமாதமாக இருந்தது, இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். அதற்கப்புறம் அம்மாவுக்கு உடம்பு, தங்கைக்குக் கல்யாணம், அதற்கப்புறம் அதற்கப்புறம். யாரும் அவனைக் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை என்ற நிம்மதியில் வருடங்கள் வழுக்கிக்கொண்டு போயின. இப்போது ஒருத்தி கேட்டிருக்கிறாள். கணவன் செத்துப் பல வருடம் தனியாக மகளை வளர்த்து ஆளாக்கியவள், கம்ப்ரசரின் இரைச்சலில் நின்று நின்று எதையும் ஒரே தடவையில் சத்தமாகச் சொல்லிப் பழகியவள். இன்னொரு முறை கேட்க மாட்டாள். கேட்கவும் கூடாது. ஒரு தடவை கேட்க எவ்வளவு தைரியம் வேண்டியிருந்திருக்கும். கையுறையால் பனியைத் துடைத்துக்கொண்டே இருந்தாளே, துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தாளே, அது அப்போதே கண்ணில் பட்டதே, பனியை ஏன் இப்படித் துடைக்கிறாள், அது மறுபடியும் பூக்கத்தானே போகிறது என்றுதானே நினைத்தான்.

கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்த்தான். கோடு கொஞ்சம் ஏறியிருந்தது. இரண்டு வெளிச்சத்தையும் பிரிப்பது உண்மையில் கஷ்டமான காரியமே இல்லை. மாணவர்களுக்கு முதல் நாளே சொல்வான், விழுகிற வெளிச்சத்தை வெட்டிவிட்டுப் பாருங்கள் என்று. வெட்டின மறுகணம் சிதறல் செத்துவிடும். அதற்கப்புறமும் ஏதாவது வருகிறதா, வந்தால் அது கல் தனக்குள்ளே வைத்திருந்தது, கல்லின் சொத்து. சட்டென்று முதுகு நிமிர்ந்தது. வெளிச்சத்தை வெட்டித்தான் இருக்கிறது. கோடையில் வெட்டியிருக்கிறது. அவளுடைய அம்மா கிணற்றடியில் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டதற்காக அவள் ஊருக்குப் போய் இரண்டு மாதம் திரும்பி வரவில்லை, போனில்கூடப் பேசவில்லை, பேச என்ன இருக்கிறது என்று இருவருமே இருந்தார்கள். அவளுக்குப் பதில் வந்தவன் குழாயை அடியில் முட்டவிட்டு அடைத்துவிடுகிறவன், ஹீலியத்தைப் பாதி ஆகாயத்துக்கு அனுப்புகிறவன். அவன்மேல் எரிச்சல் வந்தது. ஆனால் எரிச்சல் கணக்கில் சேராது, நல்ல வேலைக்காரர் யார் போனாலும் வரும். வேறு என்ன வந்தது. சாப்பாடு குறைந்ததா, இல்லை. தூக்கம் போனதா, இல்லை, நன்றாகத் தூங்கினான். கதைகளில் வருகிற மாதிரி ஒன்றும் நடக்கவில்லை. வேலைக்குப் போனான், வந்தான். வீட்டில் ஒரு சின்ன அறையைக் காலி செய்தான். அங்கே கூரைவரை அடுக்கியிருந்த பழைய ஆய்விதழ்களைக் கடைக்காரனைக் கூப்பிட்டு எடைக்குப் போட்டான், கரையான் வந்துவிட்டது, அதற்காக. சுவருக்கு வெளிர்பச்சை அடித்தான். ஜன்னலுக்குக் கொசுவலை பொருத்தினான். ஃபேன் மாட்டினான். தங்கை போனில் விசாரித்தபோது கரையான் என்றான். "கரையானுக்கு மருந்துதானே அண்ணா அடிப்பாங்க, ஃபேனா மாட்டுவாங்க," என்றாள் அவள். அப்போது கோபம்கூட வந்தது. இப்போது, இருட்டில், குமிழில் கை வைத்தபடி தில்லைநாயகம் அந்த அறையை மனசுக்குள் சுற்றிப் பார்த்தான். கதவுக்குப் பின்னால் புதிதாகக் கொக்கி அடித்திருந்தான், அவனிடம் அங்கே மாட்ட ஒன்றும் இல்லை. சுவரில் ஒரு கண்ணாடி, அவன் முகம் பார்க்கும் உயரத்தைவிட ஒரு ஜாண் தாழ்வாக. தச்சன் கேட்டான், உங்களுக்குக் குனிய வேண்டியிருக்குமே சார் என்று. இருக்கட்டும் என்றான். ஏன் இருக்கட்டும். அவள் அவனுடைய வீட்டுக்கு வந்ததில்லை, பச்சை பிடிக்கும் என்று சொன்னதில்லை, அறை வேண்டும் கண்ணாடி வேண்டும் என்று யாரும் எதையும் அவன்மேல் வீசவில்லை. வீசாத நேரத்தில் அது வந்திருக்கிறது. எத்தனையோ நாள் முன்னால் உள்ளே போனது, அவனுக்கே தெரியாமல் தங்கி, வழியெல்லாம் மறந்து, நிறம் மாறி, கொசுவலையும் ஃபேனுமாக வந்திருக்கிறது. இதை எந்தக் கருத்தரங்கில் வேண்டுமானாலும் வைக்கலாம். ஒருத்தரும் எழுந்து கேள்வி கேட்க முடியாது. அட, என்றான் இருட்டைப் பார்த்து. அட, கரையானே இல்லையே அங்கே.

அதற்கப்புறம் முக்காலியில் உட்கார முடியவில்லை. பஸ் மத்தியான பஸ்ஸாக இருந்தால்? கோடு முடிய இன்னும் எவ்வளவோ நேரம். முடிந்த பிறகு போனால் மறுபடியும் மாயவரம். ரன்னைப் பாதியில் நிறுத்தியது அவன் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான், அதுவும் கட்டடத்தில் மின்கசிவு வந்தபோது. எழுந்து நின்றான். முதலில் லேசரின் வாயை மூடினான். பிறகு குழலின் மின்னழுத்தத்தை இறக்கத் தொடங்கினான், அதையும் மடமடவென்று இறக்கக் கூடாது, கொஞ்சம் இறக்கி, நின்று, கொஞ்சம் இறக்கி, நின்று, கைக்குழந்தையைத் தொட்டிலில் விடுகிற மாதிரி இறக்க வேண்டும். மனசு தாழ்வாரத்தில் ஓடிக்கொண்டிருந்தது, கை இங்கே நிதானமாகக் குமிழைத் திருப்பிக்கொண்டிருந்தது. காலையில் அவனைக் காட்டிக்கொடுத்த அதே கை. சீக்கிரம் என்றான் அதனிடம். அது கேட்கவில்லை, அதற்குக் குழல்தான் முக்கியம். ஒரு வழியாக முள் பூஜ்யத்துக்கு வந்து படுத்தது. கதவைத் திறந்தான். வெளிச்சம் கண்ணில் அறைந்தது, தாழ்வாரத்துச் சுவர்களும் சுவரொட்டிகளும் தண்ணீர்க் கேனும் எல்லாம் வெள்ளை வெளேரென்று ஒரே பிழம்பாக இருந்தன. தட்டிலிருந்த போனை எடுக்கக்கூடத் தோன்றாமல், ரப்பர் செருப்போடு, கண்ணைக் கசக்கிக்கொண்டே ஓடினான். ஐம்பத்து நான்கு வயதுப் பேராசிரியர் ஓடினால் கட்டடம் எரிகிறது என்றுதான் அர்த்தம். துறைத்தலைவர் அறையிலிருந்து எட்டிப் பார்த்து, எங்கே தீ என்று கேட்டார். இல்லை சார், நல்ல விஷயம் என்று சொல்லிக்கொண்டே தில்லைநாயகம் படியிறங்கினான்.

ஹீலியம் நிலையம் கட்டடத்துக்குப் பின்னால், வேப்பமரத்தை ஒட்டி இருந்தது. கம்ப்ரசர் இரைந்துகொண்டிருந்தது. ஆவியாகிப் போகும் ஹீலியத்தைப் பிடித்து வைக்கும் பெரிய ரப்பர்ப் பை, படுத்துத் தூங்கும் யானை மாதிரி மெல்ல மூச்சுவிட்டுக்கொண்டு கிடந்தது. வாசலில் அவளுடைய பயணப் பை இருந்தது. அவள் உள்ளே ஒரு இணைப்பின் மேல் சோப்பு நுரை தடவி, கசிவு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவனைக் கண்டதும் அவள் கையுறையைத் துடைத்துக்கொண்டு வெளியே, சத்தம் குறைவான மரத்தடிக்கு வந்தாள்.

"என்ன சார், ரன் அதுக்குள்ள முடிஞ்சிட்டா?"

"இல்லை. நிறுத்திட்டு வந்தேன்."

"ஏன், லேசர் போயிட்டா?"

"லேசர் நல்லாத்தான் இருக்கு. நீங்க காலையில கேட்டதுக்குப் பதில் சொல்லணும்னு வந்தேன்."

இசக்கியம்மாள் முகம் என்னவோ ஆனது. அது என்னவென்று அவன் பார்த்து முடிப்பதற்குள் கோபம் வந்து மூடிவிட்டது. பாதி ரன்னில் எழுந்து வருகிற ஆளா நீங்கள் என்று தொடங்கினாள். அந்த ஹீலியத்தைச் சொட்டுச் சொட்டாகத் திரவமாக்க இரண்டு நாளாக இந்தச் சவத்து மெஷினோடு மல்லுக்கட்டியிருக்கிறேன், நேற்றுச் சாயங்காலம் வால்வு மக்கர் பண்ணி, மதியச் சோறு ராத்திரி தின்றேன், எல்லாம் உங்கள் கல் குளிர வேண்டும் என்றுதானே, ஹீலியம் அங்கே சும்மா கொதித்துப் போகும்படி விட்டுவிட்டு இங்கே வந்து நிற்கிறீர்களே என்றாள். திட்டத் திட்ட ஊர்ப் பேச்சு கூடிக்கொண்டே போனது. அவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். இவ்வளவு உரிமையோடு தன்னை யாரும் திட்டி எவ்வளவு காலமாயிற்று என்று நினைத்தான். அந்த நினைப்பு அப்போதே, அங்கேயே, தாமதமில்லாமல் வந்ததில் அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"சரின்னு சொல்லத்தான் வந்தேன்," என்றான்.

"எதுக்குச் சரி?"

"கல்யாணத்துக்கு."

அவள் ஒரு கையுறையைக் கழற்றினாள், பிறகு மற்றதைக் கழற்றினாள், இரண்டையும் சேர்த்து மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். பார்வை மரத்தின் மேல் இருந்தது.

"மத்தியான பஸ்ஸுக்குத்தான் டிக்கெட் போட்டுத் தாரேன்னா எம் பொண்ணு," என்றாள் கடைசியில். "நாந்தான் வேண்டாம், ராத்திரி பத்து மணிக்குப் போடுன்னேன். உங்ககிட்ட ஒண்ணு கேட்டா பதில் வர எம்புட்டு நேரமாவும்னு எனக்குத் தெரியாதா? நீங்க என்னடான்னா வெள்ளனயே வந்து நிக்கிய."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கும் வந்தது. யாருக்கு முதலில் வந்தது என்று அவன் கவனிக்கவில்லை. மகள் என்ன சொல்வாள் என்று அவன் கேட்டான். திட்டுவாள், பிறகு புடவை எடுக்கக் கிளம்புவாள் என்றாள். நானும் ஓசூர் வரட்டுமா, அவளிடம் நானே சொல்கிறேன் என்று அவன் சொன்னபோது அவள் அவனை நன்றாக ஒரு தடவை பார்த்தாள். அந்தச் சட்டையை மாற்றிக்கொண்டு வருவதானால் வரலாம் என்றாள்.

"கல்லு இன்னும் குளுந்துதான இருக்கும்?"

"இருக்கும். நான் லேசரைத்தான் மூடினேன்."

"பின்ன எதுக்கு இங்க நிக்கிய? நடங்க. நானும் வாரேன், பத்து மணி வர எனக்கு என்ன சோலி."

இரண்டு பேரும் படியேறினார்கள். அவள் தன் போனைத் தட்டில் அவனுடைய போனுக்குப் பக்கத்தில் வைத்தாள், கடிகாரத்தைக் கழற்றி வைத்தாள். அட்டையை ஒரு தடவை வாசித்துப் பார்த்து, இரண்டு அடிக்கோடு எதற்கு, ஒன்று போதாதா என்றாள். உள்ளே அவன் கதவைச் சாத்தி விளக்கை அணைத்தான். மின்னழுத்தத்தை மெல்ல ஏற்றினான், லேசரின் வாயைத் திறந்தான். அவளுக்கு முக்காலியைக் கொடுத்துவிட்டு ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தான். இருட்டில் தேங்காய் எண்ணெய் வாசம் வந்தது. தோல் வெடிக்காமல் இருக்க அவள் கையுறைக்குள் தடவிக்கொள்வது. கோடு மறுபடியும் அடியிலிருந்து வளர ஆரம்பித்தது.

கொஞ்ச நேரம் கழித்து அவள் குசுகுசுவென்று, "பேசலாமா? பேசினா அந்தக் கணக்குல சேந்துருமா?" என்றாள்.

"சேராது. அது வெளிச்சத்தை மட்டும்தான் எண்ணும்."

"அப்பச் சரி," என்று குரலை இயல்புக்குக் கொண்டுவந்தாள். ஆனால் அதற்கப்புறம் ஒன்றும் பேசவில்லை. அவள் ஏதாவது கேட்பாள் என்று அவன் காத்திருந்தான். கேட்கவில்லை. அவசரம் இல்லாமல், சௌகரியமாக உட்கார்ந்திருந்தாள். எதிரில் கேள்வியே இல்லாத அந்த இருட்டில், சொல்ல வேண்டியது ஒன்று தானாகத் தொண்டைக்கு வந்து நின்றது. அதை உள்ளே அனுப்பிப் பரிசோதிக்க அவனுக்குத் தோன்றவில்லை.

"நான் தூங்கும்போது பலமா குறட்டை விடுவேன்," என்றான். "பக்கத்து வீட்டுக்குக் கேக்கும். முன்னாடியே சொல்லிடறது நல்லது."

"இருவது வருசமா கம்ப்ரசர் பக்கத்துல குடியிருக்கேன்," என்றாள் இசக்கியம்மாள். "சத்தம் நின்னாத்தான் எனக்கு முழிப்பு வரும்."